கூரைக்குக் கீழேயே செலவாகும் வெயில்

சித்திரை பிறந்து இரண்டொரு நாளில், ஏப்ரல் 16ஐ ஒட்டி, மதுரைப் பழங்காநத்தத்தில் நட்டு வைத்த கம்பத்துக்கு உச்சிவேளையில் நிழல் இருக்காது. அப்போது கடிகாரம் பன்னிரண்டே காலைத் தாண்டியிருக்கும். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுவது. மதுரை 78 டிகிரியில் இருக்கிறது. அதனால்தான் நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வரச் சுமார் 17 நிமிடம் கூடுதலாகிறது. ஆவணி இரண்டாம் வாரத்தில், ஆகஸ்டு 27 வாக்கில், நிழல் மறையும் நாள் மறுபடியும் வரும். இந்த இரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட நாலு மாதத்துக்கும் மேலான காலத்தில் நண்பகல் சூரியன் மதுரைக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே நிற்கிறது.

இந்த வானியல் செய்தி தொழிற்கூடம் நடத்துகிறவருக்கு நேரடியாகப் பயன்படும். ஜெர்மனி 50 டிகிரி அட்சரேகையை ஒட்டிய நாடு. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானத்திலேயே நிற்பதால் பேனல்களை 30 டிகிரிக்கு மேல் சாய்த்துத் தெற்குப் பார்த்து வைக்கிறார்கள். கூரையின் வடக்குச் சரிவில் விளைச்சல் வெகுவாகக் குறைந்துவிடும். மதுரை 10 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. இங்கே 10 டிகிரி சாய்வே போதும். இரு பக்கமும் லேசாகச் சரியும் ஷெட்டில் வடக்குச் சரிவில் பேனல் போட்டாலும் இழப்பு ஒரு சில விழுக்காட்டோடு நின்றுவிடும். கிழக்கு, மேற்குச் சரிவுகளும் நன்றாகவே விளையும். கப்பலூர் சிட்கோவிலும் கே.புதூர் தொழிற்பேட்டையிலும் நிற்கும் ஷெட்களில் ஏறத்தாழ ஒவ்வொரு கூரைச் சரிவும் மின்சாரம் விளையக்கூடிய இடம்தான்.

இந்த விளைச்சலைப் பணமாக்குவது எது என்பதே இந்த அத்தியாயத்தின் கேள்வி. விளைச்சலின் அளவை மட்டும் பார்த்தால் அதற்கு விடை கிடைக்காது. அந்த மின்சாரம் எந்த மணியில், எந்த இடத்தில் செலவாகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒளியும் சூடும்

1839இல் பிரான்சின் எட்மண்ட் பெக்கரல், தமது 19ஆம் வயதில், ஒளி பட்டால் சில பொருட்களில் மின்னோட்டம் தோன்றுவதைக் கண்டார். 1880களில் அமெரிக்கரான சார்லஸ் ஃபிரிட்ஸ் செலினியத்தின் மீது மெல்லிய பொன்படலம் பூசிய தகடுகளைச் செய்தார். 1884இல் அவை நியூயார்க்கின் ஒரு கட்டடக் கூரையில் ஏறின. அவற்றின் திறன் ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. 1954இல் பெல் ஆய்வகத்தில் டேரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் மூவரும் சிலிக்கானில் செய்த செல் 6 விழுக்காட்டை எட்டியது. இன்று சந்தையில் கிடைக்கும் பேனல்கள் 20 முதல் 22 விழுக்காடு வரை தருகின்றன.

மீதி வெயில் எங்கே போகிறது? சிலிக்கானுக்குள் பிணைந்திருக்கும் எலெக்ட்ரானை விடுவிக்க 1.12 எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். அதைவிடக் குறைந்த ஆற்றலுள்ள ஒளித்துகள் எலெக்ட்ரானை அசைப்பதில்லை. கூடுதல் ஆற்றலோடு வரும் நீல ஒளித்துகள் எலெக்ட்ரானை விடுவித்துவிட்டு, மிஞ்சியதைச் சூடாகக் கொட்டிவிடுகிறது. இந்த இரண்டு இழப்பையும் தவிர்க்க முடியாதென்றும், ஒரே வகைச் சந்திப்பு கொண்ட செல்லின் உச்சத் திறன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்றும் 1961இல் வில்லியம் ஷாக்லியும் ஹான்ஸ் குவைசரும் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

ஆக, பேனல் மேல் விழும் வெயிலில் பெரும்பகுதி சூடாகிறது. பேனலின் பின்புறம் எழுதியிருக்கும் வாட் அளவு, சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளியில், செல்லின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது சோதித்த அளவு. சித்திரை நண்பகலில் மதுரைக் கூரையில் இருக்கும் செல் 65 டிகிரிக்கும் போகும். ஒரு டிகிரி கூடினால் சுமார் 0.35 விழுக்காடு திறன் குறையும்; 40 டிகிரி கூடினால் 14 விழுக்காடு. வெயில் கூடினால் மின்சாரமும் அதே அளவு கூடும் என்ற எண்ணத்தை இந்தக் கணக்கு திருத்துகிறது. பேனலுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்குப் பகை.

ஆகவே தகரக் கூரையில் பேனலை ஒட்டினாற்போல் படுக்க வைக்காமல், அடியில் காற்று புகுந்து போக இடைவெளி விட்டுப் பொருத்த வேண்டும். அப்படிச் செய்தால் இன்னொரு நன்மையும் சேரும். நேர்வெயில் பேனலில் விழுவதால் அதன் நிழலில் இருக்கும் ஷீட் முன்போலக் காய்வதில்லை. உள்ளே லேத்திலும் தையல் இயந்திரத்திலும் எட்டு மணி நேரம் வேலை பார்க்கிறவர்களுக்கு வெக்கை குறையும். எந்த மின்கட்டணச் சீட்டிலும் எழுதப்படாத இந்த லாபத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

துறைமுகம் சொல்லும் கணக்கு

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 38 தூத்துக்குடியில் முடிகிறது. மதுரைப் பகுதித் தொழிற்கூடங்களின் ஏற்றுமதிச் சரக்குக்கு அருகிலுள்ள பெரிய துறைமுகம் அங்கேதான் இருக்கிறது. 1974 முதல் பெருந்துறைமுகமாக இயங்கும் வ.உ.சிதம்பரனார் துறைமுகம், நிலக்கரி இறங்கும் இடம். பக்கத்திலேயே 1,050 மெகாவாட் அனல் மின்நிலையம். அந்தத் துறைமுகம்தான் கூரைச் சூரிய மின்சாரத்திலும் முன்னே நிற்கிறது.

2021 பிப்ரவரியில் அங்கே தரையில் அமையும் 5 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. செலவு சுமார் 20 கோடி ரூபாய். ஆண்டுக்கு 80 லட்சம் யூனிட்டுக்கு மேல் விளையும். துறைமுகத்தின் மின்தேவையில் 56 விழுக்காட்டை அது தரும் என்று அறிவித்தார்கள். 2025 செப்டம்பரில் 1.46 கோடி ரூபாயில் 400 கிலோவாட் கூரை நிலையம் சேர்ந்தது. அதோடு துறைமுகத்தின் கூரைத் திறன் மொத்தம் 1.04 மெகாவாட் ஆனது. இந்தியத் துறைமுகங்களில் இதுவே அதிகம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

இந்த எண்களை நாமே வகுத்துப் பார்க்கலாம். 80 லட்சம் யூனிட்டை 5,000 கிலோவாட்டால் வகுத்தால் கிலோவாட்டுக்கு ஆண்டில் 1,600 யூனிட், அதாவது நாளொன்றுக்கு நாலரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. கூரையில் சாய்வும் திசையும் நம் விருப்பப்படி அமையாததால் 1,500 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். இரவு, மேகம், காலை மாலைச் சாய்வெயில், சூடு எல்லாம் போக, முழுத்திறனில் ஓடியதற்குச் சமமாக 1,600 மணி நேரமே கிடைக்கிறது. 100 கிலோவாட் போடும் பட்டறைக்கு ஆண்டில் ஒன்றரை லட்சம் யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது; அந்த ஒரு கூரை ஆண்டில் நூறு டன்னுக்கு மேல் தவிர்க்கிறது.

கடலோரத்தில் வேறு சில கவலைகள் உண்டு. உப்புக் காற்று, அலுமினியச் சட்டமும் இரும்பு போல்ட்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஈரத்தோடு படிந்தால், அங்கே மின்வேதி வினை தொடங்கி உலோகத்தை அரிக்கும். அதனால் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும், இரண்டு உலோகங்களுக்கும் இடையே காப்பு வளையமும் வேண்டும். உப்புப்புகையைத் தாங்கும் சோதனையில் தேறிய பேனலாகவும் பார்த்து வாங்க வேண்டும். நிலக்கரித் தூசி படியும் இடத்தில் அடிக்கடி கழுவியாக வேண்டும். மதுரையில் உப்புக்குப் பதில் புழுதி. ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் நிற்கும்; மென்னீரால், வெயில் ஏறுமுன் அதிகாலையில் கழுவுவதே முறை. கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் விரிசல் காணக்கூடும்.

ஒரே யூனிட், இரண்டு விலை

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு, கூரையிலிருந்து வெளியே போகும் யூனிட்டை உள்ளே வரும் யூனிட்டோடு நேருக்கு நேர் கழித்துக்கொள்ளும் முறை இருக்கிறது. கடைகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் அப்படி இல்லை. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 ஆணைப்படி, அவர்கள் ஈ.பி. கம்பியில் விடும் மிச்ச யூனிட்டுக்கு மூன்று ரூபாயைச் சற்றுத் தாண்டிய விலையே கணக்கில் வந்தது. உள்ளே வாங்கும் யூனிட்டுக்குத் தொழிற்கூடங்கள் ஏழெட்டு ரூபாயும், கடைகள் பத்து ரூபாய்க்கு மேலும் கட்டுகின்றன.

இதன் பொருள் தெளிவானது. கூரையில் விளைந்து, அந்தக் கூரைக்குக் கீழே உள்ள மோட்டார் அதே நொடியில் குடித்த யூனிட் எட்டு ரூபாயை மிச்சம் பிடிக்கிறது. கம்பியேறிப் போன யூனிட் மூன்று ரூபாயைத் தருகிறது. ஆகவே முதலாளி முதலில் பார்க்க வேண்டியது தமது பட்டறையின் ஒரு நாள் மின்செலவு, மணிக்கு மணி எப்படி ஏறி இறங்குகிறது என்பதை.

பழங்காநத்தம் ரவுண்டானாவைச் சுற்றியிருப்பது போன்ற ஒரு வணிகப் பகுதியை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு வரை ஓடும் லேத் பட்டறையின் வேலை நேரமும் வெயில் நேரமும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஞாயிற்றுக்கிழமை விளைச்சல் மட்டும் குறைந்த விலைக்குப் போகும். ஏ.சி. ஓடும் துணிக்கடைக்கு வெயில் ஏற ஏற மின்தேவையும் ஏறும், கூரையின் விளைச்சலும் ஏறும். கல்யாண மண்டபத்தின் நிலை வேறு. முகூர்த்த நாட்களில், அதுவும் முந்தின இரவு வரவேற்பின்போது விளக்கும் ஏ.சி.யும் முழுவீச்சில் ஓடுகின்றன. மற்ற நாட்களில் பகல் முழுவதும் விளைவது வெளியேதான் போகும். மூன்று ஷிஃப்டும் ஓடும் நூற்பாலை, ஒரு யூனிட்டைக்கூட வெளியே விடாது. நான்கு இடத்திலும் ஒரே பேனல், ஒரே வெயில். முதலீடு திரும்பும் காலம் மட்டும் வெவ்வேறு.

வேலை நேரத்தை வெயிலின் பக்கம் நகர்த்த முடிகிற தொழில்களுக்கு இன்னும் பெரிய வாய்ப்பு இருக்கிறது. மீன்பிடித் துறைகளில் இயங்கும் ஐஸ் ஆலைகள் அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 30 டிகிரியில் உள்ள ஒரு டன் நீரைப் பூச்சியம் டிகிரிக்குக் கொண்டுவந்து உறைய வைக்க, சுமார் 128 யூனிட் வெப்பத்தை அதிலிருந்து வெளியேற்ற வேண்டும். இதில் நாலில் ஏறத்தாழ மூன்று பங்கு, 0 டிகிரியில் நீர் உறையும் அந்த ஒரு மாற்றத்துக்கே செலவாகிறது. குளிரூட்டும் இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்தால் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியே கடத்தினால், டன்னுக்கு நாற்பது யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் போதும். நடைமுறையில் இழப்புகள் சேர்ந்து கூடும். நண்பகல் வெயிலில் உறைய வைத்த கட்டியை விடியற்காலையில் படகில் ஏற்றலாம். அதாவது, பேட்டரி வாங்காமலே வெயிலைச் சேமித்து வைக்கும் வழி இது. இறால், மீன் ஏற்றுமதிக் குளிர்கிடங்குகளும் பகலில் ஓரிரு டிகிரி கூடுதலாகக் குளிர்வித்து, மாலையில் இயந்திரத்தை ஓய்வாக வைக்க முடியும்.

மாலையில் ஓய்வு கொடுப்பதற்குத் தனிப் பலன் உண்டு. உயர் அழுத்த இணைப்பு வைத்திருக்கும் ஆலைகளுக்குக் காலையிலும் மாலையிலும் உச்ச நேரம் என்று வகுத்து, அப்போது வாங்கும் யூனிட்டுக்கு 25 விழுக்காடு கூடுதலாக வாங்குகிறார்கள். காலை உச்ச நேரத்தின் பின்பகுதியைச் சூரியன் தாங்கும். மாலை உச்ச நேரம் வெயில் இறங்கிய பிறகு வருவது. அதைச் சமாளிக்க ஐஸ் கட்டியோ, மேல்தொட்டியில் பகலிலேயே ஏற்றி வைத்த நீரோ, பேட்டரியோ வேண்டும்.

பவர் ஃபாக்டர் என்னும் பொறி

சூரிய மின்சாரம் போட்ட சில மாதங்களில், யூனிட் குறைந்தும் அபராதம் ஏறியிருப்பதைக் கண்டு பட்டறைக்காரர்கள் திகைப்பதுண்டு. இதில் மோசடி எதுவும் இல்லை, மின்னியல்தான் இருக்கிறது. மோட்டார் இரண்டு வகை மின்திறனைக் கேட்கிறது: வேலை செய்யும் திறன் ஒன்று, காந்தப்புலத்தை எழுப்பி நிறுத்தும் திறன் மற்றொன்று. இரண்டும் சேர்ந்த மொத்தத்தில் வேலைத்திறனின் விகிதமே பவர் ஃபாக்டர். 100 கிலோவாட் வேலைத்திறனும் 48 கிலோவார் காந்தத்திறனும் வாங்கும் பட்டறையின் பவர் ஃபாக்டர் 0.9. கூரை 70 கிலோவாட் வேலைத்திறனை மட்டும் தந்தால், ஈ.பி.யிடம் வாங்குவது 30 கிலோவாட்டும் அதே 48 கிலோவாரும். மீட்டர் பார்க்கும் பவர் ஃபாக்டர் 0.53க்கு விழுந்துவிடுகிறது; அபராதம் அதற்குத்தான். கெப்பாசிட்டர்களைத் திரும்பக் கணக்கிட்டு அமைப்பதும், காந்தத்திறனையும் தரும்படி இன்வெர்ட்டரைச் சரிசெய்வதும் இதற்குத் தீர்வு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இதைப் பேசிவிட வேண்டும்.

கரன்ட் போனால் கூரையும் நிற்பது ஏன்

"மேலே இவ்வளவு வெயில் அடிக்கிறது, கரன்ட் போனதும் சோலாரும் ஏன் நிற்கிறது?" என்பது அடிக்கடி எழும் கேள்வி. இந்திய மின்தொகுப்பு நொடிக்கு 50 சுழற்சியில் ஓடுகிறது. தேர் வடத்தைப் பிடித்த அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுப்பதுபோல, அதில் சேரும் ஒவ்வொரு இன்வெர்ட்டரும் அதே தாளத்தில், அதே கணத்தில் மின்சாரத்தைத் தள்ள வேண்டும். கம்பியில் தாளம் நின்றால் இன்வெர்ட்டர் நொடிப்பொழுதில் தானாக விலகிவிடும். அப்படி விலகாவிட்டால், லைன் அறுந்ததென்று கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியரின் கையில் உங்கள் கூரை மின்சாரம் பாயும். ஆகவே இந்த நிறுத்தம் குறைபாடு ஆகாது; ஓர் உயிரைக் காக்கும் ஏற்பாடு. மின்தடையிலும் வேலை நடக்க வேண்டுமானால், பட்டறையைக் கம்பியிலிருந்து முழுமையாகத் துண்டித்த பிறகே ஓடும் பேட்டரி இன்வெர்ட்டரோ, ஜெனரேட்டரோடு இணங்கி ஓடும் கட்டுப்பாட்டுக் கருவியோ தனியாக வாங்க வேண்டும்.

காற்றும் நிழலும்

பேனலும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோ வரும். கான்கிரீட் மாடிக்கு இது பாரமே இல்லை. பழைய ஷெட்டின் இரும்புச் சட்டகத்துக்கு இது கூடுதல் சுமை. பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் ஆள் ஏறுவதும் துளையிடுவதும் ஆபத்து. ஷீட் உடைந்து விழுந்து உயிரிழக்க நேரும். கிளம்பும் தூசி நுரையீரலுக்குக் கேடு. அதை மாற்றிய பிறகே பேனல் பற்றிப் பேச வேண்டும்.

எடையைவிடக் காற்று பெரிய எதிரி. இந்தியத் தர நிர்ணயத்தில் மதுரைக்கு வகுத்த அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 910 நியூட்டன், அதாவது 93 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். சாய்வையும் கூரையின் ஓரத்தையும் பொறுத்து இதில் ஒரு பங்கு பேனலை மேலே தூக்கும். பேனலின் சொந்த எடையை மட்டும் நம்பி வைத்தவை புயலில் பறப்பது இதனால்தான்.

நிழல் வேறுவிதமாகக் கெடுக்கும். பேனல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒன்றில் விழும் நிழல் மொத்தத் தொடரின் மின்னோட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும்; உள்ளே இருக்கும் டயோடுகள் இழப்பை ஓரளவு தடுக்கும், முழுவதும் தடுக்காது. மார்கழியில் காலை ஒன்பதேகால் மணிக்கு, 3 மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் வடமேற்கே 4 மீட்டருக்கு மேல் நீளும். சித்திரை நண்பகலில் கூரையைப் பார்த்து அளவெடுத்தவருக்கு அந்த நிழல் தெரியாது. ஆண்டின் ஆகத் தாழ்ந்த சூரியனை வைத்தே வரைபடம் போட வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்

கூரை உரிமையாளர் கம்பியை முழுவதும் உதறிவிட முடியாது. இரவிலும், ஐப்பசி கார்த்திகை மழை மேகத்திலும், மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்திலும் அவரைத் தாங்குவது பொதுத் தொகுப்புதான். அதற்கு ஒரு கட்டணம் கேட்பது நியாயம். ஆனால் கூரையில் விளைந்து கூரைக்குக் கீழேயே செலவான யூனிட் ஊர்க் கம்பியில் ஓடவே இல்லை. அதற்கும் சேர்த்து வலையமைப்புக் கட்டணம் கேட்டபோது சிறுதொழில் செய்வோர் எதிர்த்ததும், 2023இல் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு அதைப் பாதியாகக் குறைப்பதாக அரசு அறிவித்ததும் இந்தக் காரணத்தால்தான். மேலும் ஒரு படி போக வேண்டும் என்பது என் கருத்து: கட்டணம், கம்பியை ஒருவர் எந்த மணியில் எவ்வளவு பயன்படுத்துகிறார் என்பதை ஒட்டி அமைய வேண்டும். நண்பகலில் வெயிலைக் குடித்து மாலையில் தேவையைக் குறைத்துக்கொள்ளும் பட்டறை, தொகுப்புக்கே உதவி செய்கிறது. அந்த உதவிக்கு விலை இருக்க வேண்டும்.

துறைமுகத்துக்குச் சொந்தப் பொறியாளர்கள் உண்டு. கணக்குப் போட்டு, ஒப்பந்தப்புள்ளி கோரி, தரம் பார்த்து வாங்க முடியும். 400 கிலோவாட்டை 1.46 கோடிக்கு, கிலோவாட்டுக்கு 36,500 ரூபாய்க்கு அமைக்க முடிந்தது அந்த வலிமையால்தான். பத்துப் பேர் வேலை பார்க்கும் பட்டறைக்கு அந்த வலிமை கிடையாது. ஒரு தொழிற்பேட்டையின் கூரைகள் அனைத்தையும் சேர்த்து ஒரே பொறியாளரைக் கொண்டு அளந்து, மணிக்கணக்கு மின்செலவை எடுத்து, ஒரே ஒப்பந்தப்புள்ளியாகக் கோரினால் சிறு பட்டறைக்கும் அதே விலைக்கு நெருக்கமாகக் கிடைக்கும். பவர் ஃபாக்டர், காற்றுச்சுமை, பராமரிப்பு எல்லாம் எழுத்தில் வரும். தொழிற்பேட்டைச் சங்கங்கள் தண்ணீருக்கும் சாலைக்கும் கூடிப் பேசுகின்றன. கூரைக்காகவும் கூடிப் பேச வேண்டிய காலம் இது. அந்தக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் கொண்டுவர வேண்டிய முதல் ஆவணம், தம் பட்டறை எந்த மணியில் எத்தனை யூனிட் எடுக்கிறது என்று எழுதிய ஒரு தாள்.